விழுந்த ராக்கெட் மறுபடி பறக்குமா? – வாசகர் கேள்வி பதில்

மறுபயன்பாட்டு ராக்கெட்டுகள், தனியார் விண்வெளிப் பயணம் இரண்டையும் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம். கணக்கு பிடிக்காதவர்கள் மூன்றாவது கேள்வியைத் தாண்டிப் போகலாம். ஆனால் சுவாரசியமே அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: ராக்கெட் தானாக வந்து தரையில் நிற்கும் வீடியோவைப் பார்த்தால், படத்தைப் பின்னோக்கி ஓட்டியதுபோல் இருக்கிறது. மேலே போனதிலிருந்து கீழே நிற்கும்வரை என்ன நடக்கிறது?

பதில்: ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9-ஐ எடுத்துக்கொள்வோம். இந்த வேலையில் அதிகம் பழகியது அதுதான். உயரம் 70 மீட்டர், விட்டம் 3.7 மீட்டர், கிளம்பும்போது எடை சுமார் 549 டன். அடியிலிருக்கும் முதல் கட்டத்தில் ஒன்பது மெர்லின் எஞ்சின்கள். தரையில் வந்து நிற்பது இந்த முதல் கட்டம் மட்டுமே. முழு ராக்கெட்டும் அல்ல.

கிளம்பிய இரண்டரை நிமிடத்தில், 65–70 கி.மீ. உயரத்தில், மணிக்கு ஏறத்தாழ 8,000 கி.மீ. வேகத்தில் ஒன்பது எஞ்சின்களும் அணைகின்றன. இரண்டாம் கட்டம் பிரிந்து செயற்கைக்கோளோடு தன் வழியே போய்விடும். முதல் கட்டம் உடனே விழுந்துவிடாது. எடுத்த வேகத்தில் இன்னும் மேலேறி, 100 கி.மீ.யைத் தாண்டிய பிறகே கீழே வளையும். அந்த நேரத்தில் அதன் தலைப்பக்கமுள்ள சிறு குழல்கள் நைட்ரஜன் வாயுவைப் பீய்ச்சி, எஞ்சின் பக்கம் முன்னால் வரும்படி அதைத் திருப்புகின்றன.

காற்று அடர்த்தியாகத் தொடங்கும் இடத்தில் மூன்று எஞ்சின்கள் சுமார் 20 வினாடி எரியும். வேகத்தைக் குறைப்பதற்கு மட்டுமல்ல இது. வெளியேறும் வாயு ராக்கெட்டின் அடிப்பாகத்துக்கு முன்னால் ஒரு திரைபோல நின்று, சூடான காற்று நேராக வந்து எஞ்சினில் மோதாமல் தடுக்கிறது. ஒலியைவிட வேகமாக எதிர்க்காற்றில் எஞ்சினைப் பற்றவைத்தால் என்ன ஆகும் என்பது நெடுநாள் யாருக்கும் சரியாகத் தெரியாமல் இருந்தது. 2014-இல் நாசா தன் விமானங்களிலிருந்து அகச்சிவப்புக் கேமராவால் இதைப் படம்பிடித்து ஆராய்ந்தது. செவ்வாயில் கனமான கலங்களை இறக்க அந்தத் தகவல் அவர்களுக்கும் தேவைப்பட்டது.

அப்புறம் எஞ்சின் அணைந்துவிடும். மேல்பக்கம் விரிந்திருக்கும் நான்கு கிரிட் ஃபின்கள், அதாவது ஜன்னல் கம்பி வலை போன்ற துடுப்புகள், திரும்பித் திரும்பி திசையைச் சரிசெய்யும். முதலில் இவற்றை அலுமினியத்தில் செய்தார்கள். வேகமாகத் திரும்பும் பயணங்களில் ஓரம் எரிந்துபோனது. 2017 ஜூனிலிருந்து டைட்டானியம். கடைசியாக நடு எஞ்சின் மட்டும் பற்றும், நான்கு கால்கள் விரியும், ராக்கெட் நிற்கும். எல்லாம் சேர்த்து எட்டரை நிமிடம்.

கேள்வி: தரைக்கு மேலே சற்று நின்று நிதானமாக இறங்கினால் என்ன? கடைசி நொடிவரை ஏன் இந்த அவசரம்?

பதில்: நிற்க முடியாது என்பதுதான் காரணம். எரிபொருள் தீர்ந்த முதல் கட்டத்தின் எடை சுமார் 25 டன். (நிறுவனம் வெளியிட்ட எண்ணல்ல, வெளியிலிருந்து கணித்தது.) அதைத் தாங்க 245 கிலோநியூட்டன் உந்துவிசை போதும். ஒரு மெர்லின் எஞ்சின் தரைமட்டத்தில் தருவது 845 கிலோநியூட்டன். அதை 40 சதவீதத்துக்குக் குறைத்தாலும் 338. ஒரே ஓர் எஞ்சினை முடிந்த மட்டும் தணித்து வைத்தாலும் ராக்கெட் மேலே கிளம்பிவிடும். ஆகவே வேகம் பூஜ்யமாவதும் உயரம் பூஜ்யமாவதும் ஒரே கணத்தில் நடக்க வேண்டும்.

எவ்வளவு நெருக்கடி என்று பாருங்கள். வினாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் விழுகிறது, எஞ்சின் வினாடிக்கு 10 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கிறது என்று கொள்வோம். நிற்க 25 வினாடியும் 3,125 மீட்டரும் தேவை. உந்துவிசையைக் கூட்டிக் குறைக்க வழியே இல்லாமல், அரை வினாடி தாமதமாகப் பற்றவைத்தால் 125 மீட்டர் போய்விடும். தரையைத் தொடும்போது இன்னும் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. வேகம் மிச்சமிருக்கும். அரை வினாடி முந்தினால் 125 மீட்டர் உயரத்திலேயே நின்று, திரும்ப மேலே போகும். எஞ்சினை அணைத்தால் அங்கிருந்து விழும். அதனால்தான் எஞ்சினை முழு உந்துவிசையிலும் ஓட்டாமல், அடிமட்டத்திலும் ஓட்டாமல், நடுவில் வைத்துத் திட்டமிடுகிறார்கள். இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் இருக்கும்.

ப்ளூ ஆரிஜின் நிறுவனத்தின் நியூ ஷெப்பர்ட் ராக்கெட் தரைக்கு மேல் ஒரு கணம் நின்றே இறங்கும். அதன் எஞ்சினை அவ்வளவு தூரம் தணிக்க முடியும். ஆனால் நிற்கிற ஒவ்வொரு வினாடியும் எரிபொருள் வீண்.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். இந்தத் தரையிறக்கத்தைக் கணினியில் நானே செய்துபார்க்க வழி உண்டா? பெரிய மென்பொருள் எதுவும் என்னிடம் இல்லை.

பதில்: எக்செல் மாதிரி ஒரு விரிதாள் இருந்தால் போதும். ஆறு பத்திகள் போடுங்கள்: நேரம், உயரம், வேகம், எடை, உந்துவிசை, வேகக்குறைப்பு. முதல் வரியில் நேரம் 0, உயரம் 4,000 மீட்டர், வேகம் 250, எடை 30,000 கிலோ. ஒவ்வொரு வரிக்கும் 0.05 வினாடி இடைவெளி.

எஞ்சின் பற்றும்வரை காற்றுத் தடையும் எடையும் சமம், வேகம் 250-லேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியிலும் வேகத்தின் வர்க்கத்தை உயரத்தின் இரு மடங்கால் வகுங்கள். நிற்கத் தேவையான வேகக்குறைப்பு அதுதான். அதோடு 9.8-ஐக் கூட்டி எடையால் பெருக்கினால் தேவையான உந்துவிசை நியூட்டனில் வரும். அது 5,90,000-ஐத் தொடும் வரியில் எஞ்சினைப் பற்றவையுங்கள். இது ஒரு மெர்லினின் 70 சதவீதம். பற்றிய பிறகு ஒவ்வொரு வரியிலும் தேவையான உந்துவிசையை மறுபடி கணக்கிட்டு, 3,38,000-க்குக் கீழும் 8,45,000-க்கு மேலும் போகாமல் கட்டுங்கள். உந்துவிசையை எடையால் வகுத்து 9.8-ஐக் கழித்தால் உண்மையான வேகக்குறைப்பு. அதை 0.05-ஆல் பெருக்கி வேகத்திலிருந்து கழியுங்கள், வேகத்தை 0.05-ஆல் பெருக்கி உயரத்திலிருந்து கழியுங்கள். எரிபொருள் குறைவதற்கு, உந்துவிசையை 2,764-ஆல் வகுத்து 0.05-ஆல் பெருக்கி எடையிலிருந்து கழிக்க வேண்டும்.

சரியாகப் போட்டிருந்தால் எஞ்சின் ஏறத்தாழ 3,170 மீட்டர் உயரத்தில் பற்றும், 25 வினாடி எரியும், எரிபொருள் 4.9 டன் போகும், கடைசி எடை 25 டன்னில் வந்து நிற்கும். எடை குறையக் குறைய எஞ்சினும் தானாகத் தணிந்து 58 சதவீதத்துக்கு வருவதைக் காண்பீர்கள்.

இப்போது உந்துவிசை எண்கள் மூன்றையும் மூன்று மடங்காக்குங்கள், அதாவது மூன்று எஞ்சின். எஞ்சின் 630 மீட்டரில்தான் பற்றும், ஐந்தே வினாடியில் வேலை முடிந்துவிடும். செலவு 3.1 டன். கிட்டத்தட்ட 1.8 டன் மிச்சம்! மெதுவாக இறங்கும் ஒவ்வொரு வினாடியும் புவியீர்ப்புக்குத் தண்டம் கட்டுகிறோம் என்பது இங்கே தெளிவாகத் தெரியும். பிறகு பற்றவைப்பதை ஒரு வினாடி தாமதப்படுத்துங்கள். ஒற்றை எஞ்சின் சமாளித்துவிடும். மூன்று எஞ்சின் முழு உந்துவிசைக்குப் போயும் தரையில் மோதும். எரிபொருள் மிச்சம் குறைவான பயணங்களில் நடுவில் சிறிது நேரம் மட்டும் மூன்று எஞ்சினை எரித்து, கடைசியில் ஒற்றை எஞ்சினுக்கு வருவது இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட சமரசம்.

தப்பு வரும் இடங்கள்: கால இடைவெளியை அரை வினாடி வைத்தால் ராக்கெட் பூமிக்குள் புகுந்துவிடும். கடைசி ஒரு மீட்டரில் உயரம் பூஜ்யத்தை நெருங்கும்போது வகுத்தல் தறிகெட்டுப் போகும். 100 மீட்டருக்குக் கீழே இடைவெளியை 0.01 ஆக்கி, அரை மீட்டரில் கணக்கை நிறுத்திவிடுங்கள். அது ஓடிய பிறகு காற்றுத் தடையையும், எஞ்சின் முழு விசைக்கு வர எடுக்கும் இரண்டொரு வினாடியையும் சேர்த்துப் பாருங்கள். சுகமாக ஓடிய கணக்கு அங்கே தடுமாறும்.

கேள்வி: பாராசூட் கட்டி இறக்கினால் இவ்வளவு சிக்கல் வேண்டாமே?

பதில்: ஸ்பேஸ்எக்ஸ் முதலில் அதைத்தான் செய்தது. 2010-இல் பறந்த முதல் இரண்டு ஃபால்கன் 9-களிலும் பாராசூட் இருந்தது. விரியும் வாய்ப்பே கிடைக்கவில்லை. காற்று மண்டலத்துக்குள் நுழையும்போதே ராக்கெட் உடைந்துவிட்டது. முதலில் வேகத்தைக் குறைக்க எஞ்சின் வேண்டும், எஞ்சினே எரிகிறது என்றால் பாராசூட் எதற்கு?

சின்ன ராக்கெட்டுக்குப் பாராசூட் ஒத்துவரும். ராக்கெட் லேப் நிறுவனம் 18 மீட்டர் உயர எலக்ட்ரானைப் பாராசூட்டில் இறக்கியது. 2022 மே மாதம் ஹெலிகாப்டரில் தொங்கிய கொக்கியால் வானத்திலேயே பிடித்துக்கூட விட்டார்கள், ஆனால் சுமை எதிர்பார்த்தபடி இல்லாததால் விமானி விடுவித்துவிட்டார். கடல்நீரில் விழுந்தால் உப்பு எஞ்சினுக்குள் போகும். அதைக் கழுவிச் சரிசெய்யும் செலவு, மிச்சப்பட்டதைத் தின்றுவிடும்.

கேள்வி: ஏன் நடுக்கடலில் கப்பல்மேல் இறக்குகிறார்கள்? கிளம்பிய இடத்துக்கே வந்தால் மிச்சம்தானே?

பதில்: சிலசமயம் அப்படித்தான் வருகிறது. முதல் வெற்றியே தரையில்தான்: 2015 டிசம்பர் 21, கேப் கெனவரல். கப்பலில் முதல் வெற்றி 2016 ஏப்ரல் 8.

முதல் கட்டம் பிரியும்போது கடலைப் பார்த்துப் பாய்ந்துகொண்டிருக்கிறது. திரும்பி வர, அந்த வேகத்தை முழுக்க அழித்து, எதிர்த்திசையில் புதிதாக வேகம் ஊட்ட வேண்டும். 25 டன் கட்டத்தின் வேகத்தை வினாடிக்கு 1 கி.மீ. மாற்ற 10 டன் எரிபொருள் ஆகும். 2 கி.மீ. என்றால் 20 அல்ல, 24 டன். 3 கி.மீ.க்கு 43 டன். ஏறிக்கொண்டே போகிற கணக்கு இது. முன்னால் 600 கி.மீ. தள்ளி ஒரு கப்பலை நிறுத்திவிட்டால் திரும்பி வரும் செலவே இல்லை. கனமான சுமைக்குக் கப்பல், லேசான சுமைக்குத் தரை. அவ்வளவுதான் விதி.

கேள்வி: இத்தனை சுத்தமாக இறங்குகிறதே, தோற்றதே இல்லையா?

பதில்: நிறையத் தோற்றிருக்கிறது. ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு சின்னப் பாகம் காரணமாக இருந்தது என்பதுதான் படிக்க வேண்டிய விஷயம்.

2013 செப்டம்பரில் முதல் கட்டத்தைக் கடலில் மெல்ல இறக்கிப் பார்த்தார்கள். கட்டம் பம்பரமாய்ச் சுழன்றது, எரிபொருள் தொட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டது, எஞ்சினுக்கு வரவில்லை. 2015 ஜனவரியில் கிரிட் ஃபின்னை இயக்கும் ஹைட்ராலிக் திரவம் இறங்குவதற்குச் சற்று முன் தீர்ந்தது. அது பயன்படுத்திய திரவத்தை வெளியே விட்டுவிடும் அமைப்பு. அடுத்த ராக்கெட்டில் 50 சதவீதம் அதிகம் வைத்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் உந்துவிசையைக் கட்டுப்படுத்தும் வால்வு ஒட்டிப் பிடித்து, சொன்னதைத் தாமதமாகக் கேட்டது. ராக்கெட் கப்பலில் சாய்ந்து விழுந்தது. 2016 ஜனவரியில் இறங்கியது என்னவோ பிரமாதம்தான். ஆனால் ஒரு காலின் பூட்டு விழவில்லை. கிளம்பும்போது இருந்த மூடுபனி பூட்டில் பனிக்கட்டியாய் உறைந்திருக்கலாம் என்றார்கள். அந்த ஜூனில் கப்பல் தளத்துக்குச் சற்று மேலே திரவ ஆக்சிஜன் தீர்ந்தது.

2018 பிப்ரவரியில், மூன்று முதல் கட்டங்களைப் பக்கம்பக்கமாகச் சேர்த்த ஃபால்கன் ஹெவியின் நடுக் கட்டத்துக்கு நேர்ந்தது இன்னும் விசித்திரம். மெர்லினைப் பற்றவைக்க ட்ரைஎத்தில் அலுமினியமும் ட்ரைஎத்தில் போரேனும் கலந்த திரவம் வேண்டும். காற்றுப் பட்டாலே எரியும் அது. எஞ்சின் பற்றும்போது தெரியும் பச்சை ஒளி அதனுடையது. ஒவ்வொரு முறை பற்றவைக்கவும் ஓர் அளவு செலவாகும். அன்று அது தீர்ந்துவிட்டது. மூன்று எஞ்சினில் ஒன்றுதான் பற்றியது. மணிக்கு 480 கி.மீ. வேகத்தில் கடலில் மோதி, 100 மீட்டர் தள்ளியிருந்த கப்பலின் எஞ்சின்களையும் சேதப்படுத்தியது. எரிபொருள் இருந்தது, தீப்பெட்டி இல்லை!

2018 டிசம்பரில் ஹைட்ராலிக் பம்ப் நின்றுபோய், ராக்கெட் சுழன்றுகொண்டே கரையோரக் கடலில் இறங்கியது. அது தரைக்கு வந்து விழாததற்குக் காரணம் அதிர்ஷ்டமல்ல. ராக்கெட் குறிவைப்பது எப்போதும் கடலைத்தான். எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே கடைசியில் குறி தரைக்கு மாறும்.

இறங்கிய பிறகும் நிம்மதி கிடையாது. 2020 மே மாதம் இரண்டு விண்வெளி வீரர்களைச் சுமந்து சென்ற அதே கட்டம், 19 முறை பறந்து இறங்கியபின், 2023 டிசம்பரில் கரைக்கு வரும் வழியில் அலையடித்துக் கப்பலிலேயே சாய்ந்து உடைந்தது.

கேள்வி: ஒரு தடவை பறந்ததை மறுபடி பறக்கவைக்க என்ன செய்வார்கள்? ஸ்பேஸ் ஷட்டிலும் மறுபடி பறந்ததுதானே? அது ஏன் மலிவாகவில்லை?

பதில்: ஷட்டிலைப் பற்றிக் கேட்டது நல்லது, ஏனென்றால் இறங்குவதையும் மலிவாவதையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஷட்டில் 1981 முதல் 2011 வரை 135 முறை பறந்தது. ஒவ்வொரு முறை இறங்கியதும் சுமார் 24,000 வெப்ப ஓடுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், பிரதான எஞ்சின்களைக் கழற்ற வேண்டும், பெரிய எரிபொருள் தொட்டியைப் புதிதாகச் செய்ய வேண்டும். திரும்பி வந்தது, ஆனால் பறக்கும் நிலையில் திரும்பி வரவில்லை.

ஃபால்கனும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. முதல் மறுபயணம் 2017 மார்ச் 30. இறங்கியதிலிருந்து பறக்க ஏறக்குறைய ஓராண்டு ஆனது. 2018 மே மாதம் வந்த பிளாக் 5 வடிவத்தில், எங்கெல்லாம் கைவேலை அதிகமோ அங்கெல்லாம் கைவைத்தார்கள். ஒன்பது எஞ்சினையும் தாங்கும் சட்டகம் வெல்டிங்குக்குப் பதில் போல்ட்டுக்கு மாறியது. டர்பைன் சக்கரத்தில் விரிசல் விழும் பிரச்சினை சரிசெய்யப்பட்டது. முன்பு கழற்றிப் பூட்ட வேண்டியிருந்த கால்களை இப்போது மடக்கினால் போதும். எஞ்சின்களுக்குள் சிறு கேமராவைவிட்டுப் பார்ப்பது, கசிவுச் சோதனை, வெப்பக் கவசத்தைச் சரிபார்ப்பது இவைதான் இன்றைய முக்கிய வேலைகள். வெளியே படிந்த கரியைக்கூட முழுக்கக் கழுவுவதில்லை. 2025 மார்ச்சில் ஒரு கட்டம் ஒன்பதே நாளில் மறுபடி பறந்தது. 30 தடவைக்கு மேல் பறந்த கட்டமும் உண்டு.

கேள்வி: உண்மையில் எவ்வளவு மிச்சம்? விளம்பரமா, நிஜமா?

பதில்: எலான் மஸ்க் 2020-இல் சொன்ன விகிதத்தையே எடுப்போம்: செலவில் முதல் கட்டம் 60 சதவீதம், இரண்டாம் கட்டம் 20, செயற்கைக்கோளை மூடியிருக்கும் முகப்புக் கூடு 10, ஏவும் வேலை 10. புது ராக்கெட்டின் விலை 100 என்று வைத்து, ஒவ்வொரு மறுபயணத்துக்கும் பராமரிப்பு 10 என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு தடவை பறந்தால் ஒரு பயணத்துக்கு 75. பத்துத் தடவைக்கு 55. முப்பது தடவைக்கு 52.

கவனித்தீர்களா? பத்துக்கும் முப்பதுக்கும் இடையே மிச்சம் வெறும் மூன்று. மீதி 40 ஒவ்வொரு முறையும் புதிதாகச் செலவாகிறது. சுமையும் குறையும்: உயரமான புவிநிலைப் பாதைக்குப் போகும் மாற்றுச் சுற்றுப்பாதைக்கு, ராக்கெட்டைக் கைவிட்டால் 8.3 டன், காப்பாற்றினால் 5.5 டன். ஆகவே இரண்டு பயணத்தில் செலவு சமம், மூன்றில் லாபம் என்று மஸ்க் சொல்ல, போட்டி நிறுவனமான யுஎல்ஏவின் அன்றைய தலைவர் டோரி புருனோ பத்துப் பயணமாவது வேண்டும் என்று வாதாடினார். இருவரும் தத்தம் ராக்கெட்டுக்கு வசதியான எண்ணைச் சொன்னார்கள் என்பது எங்கள் அபிப்பிராயம்.

எங்களைக் கேட்டால், நிஜமான லாபம் விலைப்பட்டியலில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. சில கட்டங்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு 2024-இல் 130-க்கு மேற்பட்ட ஃபால்கன்களை ஏவினார்கள். அத்தனைக்கும் புது ராக்கெட் செய்ய எந்தத் தொழிற்சாலையாலும் முடியாது. அத்தனை சுமைக்கு ஆள் எங்கே? அதையும் தாங்களே உண்டாக்கினார்கள்: பெரும்பாலானவை இணைய இணைப்புத் தரும் சொந்த ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். ஆண்டுக்கு ஐந்தாறு தடவை மட்டும் ஏவுகிறவருக்கு மறுபயன்பாடு நஷ்டமாகவும் முடியலாம்.

முகப்புக் கூட்டையும் இப்போது பாராசூட்டில் இறக்கிக் கடலிலிருந்து எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். அதன் விலை சுமார் 60 லட்சம் டாலர். வலை கட்டிய கப்பலில் பிடிக்க முயன்று, பிறகு கைவிட்டார்கள். நனைந்தாலும் பரவாயில்லை என்று கூட்டையே மாற்றியது எளிதாக இருந்தது.

கேள்வி: அந்த 40-இல் இரண்டாம் கட்டத்தின் 20-ஐயும் மிச்சப்படுத்த, அதையும் திருப்பிக் கொண்டுவரலாமே?

பதில்: முதல் கட்டம் பிரியும்போது வேகம் வினாடிக்கு 2.2 கி.மீ. போல. இரண்டாம் கட்டம் போவது 7.8 கி.மீ. வேகத்தில். மூன்றரை மடங்கு வேகம் என்றால் ஒவ்வொரு கிலோவிலும் பன்னிரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல். அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியேற வேண்டும். அதோடு, இரண்டாம் கட்டத்தில் ஒரு கிலோ கவசம் சேர்த்தால் சுமையில் ஒரு கிலோ அப்படியே போய்விடும். ஃபால்கன் அளவு ராக்கெட்டில் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

அதனால்தான் இரண்டு கட்டங்களையும் திருப்பிக் கொண்டுவர ஸ்பேஸ்எக்ஸ் செய்யும் ஸ்டார்ஷிப் அவ்வளவு பெரிது: 9 மீட்டர் விட்டம், கீழ்க்கட்டத்தில் 33 ராப்டர் எஞ்சின்கள், மேல்கட்டத்தில் சுமார் 18,000 அறுகோண ஓடுகள். உடல் துருப்பிடிக்காத எஃகு, ஏனென்றால் சூட்டில் அலுமினியத்தைவிட வெகுநேரம் தாங்கும். கீழ்க்கட்டத்துக்குக் கால்களே இல்லை. கோபுரத்தின் இரண்டு கைகள் பிடித்துக்கொள்ளும். 2024 அக்டோபர் 13 அன்று முதல் முயற்சியிலேயே பிடித்தார்கள். 2025 மே மாதம் ஒரு கீழ்க்கட்டம் இரண்டாம் முறை பறந்தது. மேல்கட்டம் முரண்டு பிடித்தது. 2025 ஜனவரியிலும் மார்ச்சிலும் மேலேறும்போதே அழிந்தது. ஓடுகள் ஷட்டிலின் தலைவலி என்று மேலே சொன்னோம். அது இங்கே தீர்ந்ததா என்பது, இறங்கிய மேல்கட்டம் ஒன்று ஓடு மாற்றாமல் பறக்கும் நாளில்தான் தெரியும்.

கேள்வி: எல்லாரும் மீத்தேன், மீத்தேன் என்கிறார்களே, மண்ணெண்ணெய்க்கு என்ன குறை?

பதில்: கரி. மண்ணெண்ணெய் எஞ்சினின் நுண்ணிய குழாய்களில் படிவு விடும், மறுபடி பறக்கும் எஞ்சினுக்கு அது ஆகாது. மீத்தேன் சுத்தமாக எரியும். அது திரவமாகும் வெப்பநிலை மைனஸ் 161 டிகிரி, ஆக்சிஜனுக்கு மைனஸ் 183. இரண்டும் பக்கத்தில் இருப்பதால் தொட்டிகளை ஒட்டி வைக்கலாம். தன் ஆவியாலேயே தொட்டிக்கு அழுத்தம் தரும், ஹீலியம் தேவைப்படாது. குறை என்னவென்றால் அடர்த்தி மண்ணெண்ணெயில் பாதிதான், தொட்டி பெரிதாக வேண்டும்.

கேள்வி: பழைய ராக்கெட்டில் மனிதர்களை ஏற்றுவது ஆபத்தில்லையா?

பதில்: 2021 ஏப்ரலில் நாசாவே ஏற்றிவிட்டது, பழைய கட்டம், பழைய டிராகன் கலம் இரண்டிலும். தயாரிப்புக் கோளாறு முதல் பயணத்திலேயே வெளிப்படும். தேய்மானக் கோளாறு பின்னால் வரும். பாதுகாப்பு நடுவில்தான் அதிகம்.

கேள்வி: அரசாங்கப் பணத்தில் செய்துவிட்டுத் தனியார் சாதனை என்பது நியாயமா?

பதில்: பாதி நியாயம். 2008 டிசம்பரில் நாசா தந்த 160 கோடி டாலர் சரக்கு ஒப்பந்தம் இல்லாவிட்டால் ஸ்பேஸ்எக்ஸ் பிழைத்திருக்குமா என்பதே சந்தேகம். அதற்கு மூன்று மாதம் முன்புதான் ஃபால்கன் 1 நான்காவது முயற்சியில் சுற்றுப்பாதையைத் தொட்டிருந்தது. மாறியது பணம் யாருடையது என்பதல்ல, கொடுக்கும் முறை. பழைய ஒப்பந்தத்தில் செலவு எவ்வளவு ஆனாலும் அரசு தரும், மேலே லாபமும் தரும். புதிய முறையில் விலை முன்கூட்டியே நிர்ணயம். கூடினால் நிறுவனத்தின் தலையில். 2014-இல் வீரர்களை ஏற்றிச் செல்ல போயிங்குக்கு 420 கோடி டாலர், ஸ்பேஸ்எக்ஸுக்கு 260 கோடி தரப்பட்டது. போயிங் அதில் பெரும் நஷ்டப்பட்டது. 2024-இல் அதன் ஸ்டார்லைனர் கலம் ஹீலியம் கசிவாலும் உந்துகுழல் கோளாறாலும் ஆளில்லாமல் திரும்பியது.

அரசு சம்பந்தமே இல்லாத பயணங்களும் வந்துவிட்டன: 2021 செப்டம்பரில் நான்கு பேர் மூன்று நாள் சுற்றிய இன்ஸ்பிரேஷன்4, 2024 செப்டம்பரில் தனியார் விண்நடை நடந்த போலாரிஸ் டான்.

கேள்வி: ஸ்பேஸ்எக்ஸுக்குப் போட்டியே இல்லையா?

பதில்: உண்டு, தாமதமாக. ப்ளூ ஆரிஜினின் நியூ க்ளென் 98 மீட்டர் உயரம், ஏழு மீத்தேன் எஞ்சின்கள். 2025 ஜனவரியில் முதல் பயணத்தில் கீழ்க்கட்டத்தை இழந்தது. நவம்பர் 13-இல் இரண்டாவது பயணத்திலேயே கப்பலில் இறக்கிக் காட்டியது. சீனாவின் லேண்ட்ஸ்பேஸ் நிறுவனம் 2025 டிசம்பரில் ஜூச்சே-3 ராக்கெட்டைச் சுற்றுப்பாதைக்கு அனுப்பியது, ஆனால் கீழ்க்கட்டம் தரையிறங்கவில்லை. இஸ்ரோ இறக்கை வைத்த புஷ்பக் கலத்தை 2023-லும் 2024-லும் மூன்று முறை ஓடுபாதையில் இறக்கிப் பார்த்திருக்கிறது. எங்கள் கவனம் நியூ க்ளென்மேல். இறக்கியாயிற்று. எத்தனை நாளில் மறுபடி ஏவுகிறார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி.

கேள்வி: சரியாகக் கப்பலில் இறங்கும் நேரத்தில் படம் நின்றுவிடுகிறதே, எதையோ மறைக்கிறார்களா?

பதில்: இல்லை. நடுக்கடல் கப்பலுக்குச் செயற்கைக்கோள் இணைப்புதான் கதி. ராக்கெட்டின் புகையும் அதிர்வும் ஆன்டெனாவின் குறியைக் கலைத்துவிடும். ஸ்டார்லிங்க் வந்தபிறகு இது வெகுவாகக் குறைந்துவிட்டது.

கேள்வி: அடுத்த நேரலையில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: கிளம்புவதற்கு 35 நிமிடம் முன்பே பாருங்கள். எரிபொருள் நிரப்பத் தொடங்குவது அப்போதுதான். ஆக்சிஜனை மைனஸ் 207 டிகிரிவரை குளிரவைத்து அடர்த்தியைக் கூட்டியிருப்பார்கள். முன்பே நிரப்பிவைத்தால் சூடாகி விரிந்துவிடும். ஒரு நிமிடம் தாண்டியதும் ராக்கெட்மேல் மோதும் காற்றின் அழுத்தம் உச்சம். இரண்டரை நிமிடத்தில் கட்டம் பிரிதல். பிரிந்த உடனே கீழ்க்கட்டத்தின் எஞ்சின் மறுபடி எரிந்தால் தரைக்கு வருகிறது, எரியாவிட்டால் கப்பலுக்கு. ஆறு நிமிடம் தாண்டியதும் மூன்று எஞ்சின் எரியும்போது திரையின் ஓரத்திலுள்ள வேகத்தைக் கவனியுங்கள், கடகடவென்று இறங்கும். எட்டாவது நிமிடத்தில் பச்சை ஒளி தெரிந்தால் எஞ்சின் பற்றிக்கொண்டது. கால்கள் கடைசிச் சில வினாடிகளில்தான் விரியும், பதறாதீர்கள். அப்புறம் திரையை மூடிவிடாமல் இரண்டாம் கட்டத்தையும் பாருங்கள். வாடிக்கையாளர் காசு கொடுத்தது அதற்குத்தான்.